மலையின் வளைவும் மனையின் நிலையும்

பதுளை நகரிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதி மலையை வளைத்து வளைத்தே செல்கிறது. ஒரு திருப்பத்தில் வீதி மலையின் புடைத்த மூக்கொன்றைச் சுற்றிச் செல்லும். அங்கே பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரியும். அடுத்த திருப்பத்தில் வீதி மலையின் மடிக்குள் புகுந்துவிடும். இருபுறமும் தேயிலைச் சரிவுகள் நெருங்கி நிற்க, காற்றுங் குளிர்ந்து வீசும். இவ்வழியே பலமுறை பயணஞ் செய்தவர்களும் கவனியாது விடுகின்ற ஒரு செய்தி அங்கே உண்டு. மூக்கைச் சுற்றும் திருப்பங்களில் மதகு பெரும்பாலும் இருப்பதில்லை. மடிக்குள் புகும் திருப்பங்களில் மதகு இல்லாத இடம் அரிது.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. புடைத்த இடத்தில் மழைநீர் பிரிந்து ஓடிவிடுகிறது; குழிந்த இடத்தில் அது கூடிவருகிறது. வீதி சமைத்தவர்கள் நீர் கூடும் இடத்தில் அதற்கு வழிவிட்டார்கள். தெமோதரையிலும் எல்லவிலும் புகையிரதப் பாதை அமைத்தவர்களும் அவ்வாறே செய்தார்கள். நாற்பத்துநான்கு அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு மலைநாட்டுப் பாதையை அமைத்த அப்பொறியியலாளர், 1924ஆம் ஆண்டில் அதனைப் பதுளைக்குக் கொண்டு சேர்க்குமுன், வழியிலிருந்த ஒவ்வொரு புடைப்பையும் ஒவ்வொரு குழிவையும் அளந்தறிய வேண்டியிருந்தது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாக நுழைந்து செல்வதும் இத்தகைய அளவையின் விளைவேயாம்.

வீதிக்கும் இருப்புப்பாதைக்கும் பயன்பட்ட இவ்வறிவு, மனிதர் குடியிருக்கும் மனைக்குப் பயன்படுகின்றதா என்பதே ஊவா மாகாணத்தில் இன்று எழுந்து நிற்கும் வினா. அதற்கு விடை காண்பதற்கு முன், புடைப்பு என்றும் குழிவு என்றும் சொல்லப்படுவன யாவை என்பதைக் கேத்திரகணித முறையிலே தெளிந்துகொள்ளுதல் நலம்.

வெலிமடைச் சந்தையில் விற்கப்படும் உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நன்கு உருண்டு திரண்ட கிழங்காயின், அதனுள் எந்த இரண்டு புள்ளிகளைக் குறித்து அவற்றை நேர்கோட்டால் இணைத்தாலும் அக்கோடு முழுவதும் கிழங்கினுள்ளேயே அடங்கும். இத்தகைய உருவத்தைக் குவிவுருவம் என்பர்; அதனை மூடிய மேற்பரப்பு குவிவுப் பரப்பு எனப்படும். கிழங்கு ஓரிடத்தில் வளைந்தோ கண்ணிடத்தில் குழிந்தோ இருந்தால், குழிவின் இரு கரைகளையும் இணைக்கும் நேர்கோடு வெளியே வந்து காற்றிற் செல்லும். அது குவிவுருவம் ஆகாது. நூலொன்றை இழுத்துப் பிடித்தும் இதனைச் சோதிக்கலாம். குவிந்த இடத்தில் நூல் தோலோடு படிந்து கிடக்கும். குழிந்த இடத்தில் நூல் தோலைவிட்டு விலகி, ஆற்றின் மேலிட்ட பாலம்போல நிற்கும்.

குவிவைப் பற்றிய இந்த எண்ணம் மிகப் பழையது. கிரேக்க அறிஞராகிய ஆக்கிமிடீசு, கோளத்தையும் உருளையையும் பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, ஒரே பக்கமாக வளைந்த கோடும் பரப்பும் எவை என வரையறுத்தார். ஆனால் மலை ஒரு கிழங்கன்று. அது முழுவதும் குவிந்ததுமன்று, முழுவதும் குழிந்ததுமன்று. ஆதலால் மலையைப் பற்றிப் பேசும்போது, முழு உருவத்தையும் ஒருங்கே நோக்காது, ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்குவதற்கு வழி காட்டியவர் 18ஆம் நூற்றாண்டிற் சிறந்து விளங்கிய ஒயிலர் என்னுங் கணித அறிஞர். வளைந்த பரப்பொன்றின் மீது ஒரு புள்ளியில் நின்று பல திசைகளிலும் நோக்கினால், ஒவ்வொரு திசையிலும் பரப்பு வெவ்வேறு அளவாக வளைந்து செல்லும். எல்லாவற்றுள்ளும் மிகக் கூடிய வளைவு ஒரு திசையிலும், மிகக் குறைந்த வளைவு மற்றொரு திசையிலும் அமையும். இவ்விரு திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருக்கும் என்று அவர் காட்டினார். எனவே ஒரு புள்ளியில் பரப்பின் வடிவத்தைச் சொல்ல இரண்டு வளைவுகளே போதுமானவை.

இரண்டு வளைவுகளும் கீழ்நோக்கிச் செல்லுமாயின் அவ்விடம் குன்றின் உச்சி போன்றது. இரண்டும் மேல்நோக்கிச் செல்லுமாயின் அது கிண்ணத்தின் அடி போன்றது. ஒன்று மேல்நோக்கியும் மற்றையது கீழ்நோக்கியும் சென்றால் அது குதிரைச் சேணம் போன்றது. மலைத்தொடரின் கணவாய்கள் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அப்புத்தளை நகரம் அமைந்துள்ள இடம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கே நிலம் வடக்கே ஊவா வடிநிலத்தை நோக்கியும் தெற்கே தாழ்நாட்டை நோக்கியும் இறங்குகிறது. கிழக்கிலும் மேற்கிலும் மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது.

பின்னர் 1827ஆம் ஆண்டில் கவுஸ் என்னும் ஜேர்மன் அறிஞர் இவ்விரு வளைவுகளையும் பெருக்கிவரும் பெறுமானத்தின் சிறப்பினை வெளிப்படுத்தினார். பரப்பை விட்டு வெளியே வராமல், அதன் மீது ஊர்ந்து செல்லும் எறும்பொன்று தூரங்களை அளந்தே இப்பெறுமானத்தைக் கண்டுகொள்ள முடியும் என்பது அவருடைய முடிபு. கொழுந்து பறிப்போர் இடுப்பிற் கட்டும் படங்கினைப் பூசணிக்காயின் மீது விரித்தால் ஓரங்களிற் சுருக்கம் விழுகிறது. கிழியாமலும் சுருங்காமலும் அது அங்கே படிவதில்லை. தட்டையான துணிக்கும் பூசணியின் தோலுக்கும் உள்ள இவ்வேறுபாடே கவுஸ் அளந்த வேறுபாடு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் பிழையின்றி வரைய இயலாமைக்கும் இதுவே காரணம்.

ஆயினும் ஓர் இடத்தில் இந்த நுண்ணிய கணிதம் மலைவாசிக்குப் போதாது. குன்றின் உச்சியில் இரு வளைவுகளும் ஒரே பக்கமானவை. கிண்ணத்தின் அடியிலும் இரு வளைவுகளும் ஒரே பக்கமானவை. பெருக்கினால் இரண்டுக்கும் ஒரே குறிதான் கிடைக்கும். கவிழ்த்த சட்டிக்கும் நிமிர்த்திய சட்டிக்கும் கவுஸின் கணக்கு வேறுபாடு காட்டுவதில்லை. மழைக்கோ அவை இரண்டும் முற்றிலும் வேறு. கவிழ்த்த சட்டி நீரை உதறுகிறது. நிமிர்த்திய சட்டி நீரை ஏந்துகிறது. ஆகவே மலைச்சரிவை ஆராய்வோர், மேல் எது கீழ் எது என்பதை முதலிலே குறித்துக்கொண்டு, இரண்டு வளைவுகளை வேறொரு வகையிற் பிரித்து நோக்குகின்றனர். ஒன்று, சரிவின் வழியே மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் வளைவு. மற்றையது, சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் நடந்து சென்றால் தெரியும் வளைவு.

குறுக்கு வளைவே நீரைப் பிரிப்பதும் கூட்டுவதும் ஆகும். இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். 200 மீற்றர் நீளமான மூன்று சரிவுகளை எண்ணிக்கொள்வோர், மூன்றின் அடியிலும் 10 மீற்றர் அகலமான ஒவ்வொரு மனை இருப்பதாகக் கொள்ளட்டும். முதலாவது சரிவு பலகை போல ஒரே சீரானது. உச்சியிலும் அதன் அகலம் 10 மீற்றர். அந்த மனையை நோக்கி இறங்கும் நிலப்பரப்பு 2,000 சதுர மீற்றர். இரண்டாவது சரிவு புடைத்த மூக்கு. உச்சியில் 2 மீற்றர் அகலமாய்த் தொடங்கி அடியில் 10 மீற்றராய் விரிகிறது. அதன் பரப்பு 1,200 சதுர மீற்றர். மூன்றாவது சரிவு குழிந்த மடி. உச்சியில் 90 மீற்றர் அகலமாய்த் தொடங்கி, குறுகிக் குறுகி அடியில் 10 மீற்றராய் முடிகிறது. அதன் பரப்பு 10,000 சதுர மீற்றர்.

மூன்று சரிவுகளிலும் ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்வதாகக் கொள்ளலாம். புடைத்த சரிவில் விழும் நீர் 90,000 லீற்றர். சீரான சரிவில் 1,50,000 லீற்றர். குழிந்த சரிவிலோ 7,50,000 லீற்றர். இந்நீரில் ஒரு பகுதி மண்ணினுள் இறங்கும். ஒரு பகுதி மேலே வழிந்தோடும். இரண்டும் போய்ச் சேரும் திசை ஒன்றே. வானம் மூன்று மனைகளுக்கும் சமமாகவே மழை பொழிந்தது. நிலத்தின் வளைவு ஒரு மனைக்கு மற்றொன்றைப் போல எட்டு மடங்குக்கும் மேலான நீரை அனுப்பி வைத்தது.

இனிச் சரிவின் வழியே காணப்படும் வளைவை நோக்கலாம். ஊவாவின் குன்றுகளைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு, அவற்றின் உச்சிகள் பெரும்பாலும் கூர்மையின்றி உருண்டு காணப்படும். உச்சியருகே சரிவு மெல்லியது. கீழே இறங்க இறங்க அது செங்குத்தாகிறது. மேலும் கீழே சென்றால் மறுபடியும் மெல்லியதாகிப் பள்ளத்தாக்கோடு கலக்கிறது. மேலே குவிவு, கீழே குழிவு என்னும் இவ்வமைப்பு தற்செயலானதன்று. இதன் காரணத்தை 1909ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவியியல் அறிஞராகிய கில்பேட்டு, மலையுச்சிகளின் குவிவைப் பற்றிய சிறு கட்டுரையொன்றில் விளக்கினார்.

மலைமண் ஓரிடத்தில் அசையாது கிடப்பதில்லை. நனைந்து பருத்தும், உலர்ந்து சுருங்கியும், மண்புழுக்களாலும் வேர்களாலும் கிளறப்பட்டும், கண்ணுக்குத் தெரியாத மெதுவான நடையிற் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. உச்சியிலிருந்து ஒவ்வொரு 10 மீற்றர் தூரமும், ஒரு குறித்த காலத்தில், ஒரு கூடை புதுமண்ணைப் பாறையிலிருந்து பெறுவதாகக் கொள்ளலாம். முதற் பத்து மீற்றரின் எல்லையைக் கடப்பது ஒரு கூடை மண். இரண்டாவது எல்லையை மேலிருந்து வந்த ஒரு கூடையும் அங்கே தோன்றிய ஒரு கூடையுமாக இரண்டு கடக்க வேண்டும். மூன்றாவது எல்லையை மூன்று கூடைகள் கடக்க வேண்டும். கீழே போகப் போகக் கடக்க வேண்டிய மண் பெருகுகிறது. அது தேங்காமல் நகரவேண்டுமாயின் சரிவும் அதற்கேற்ப அதிகரிக்க வேண்டும். முதற் பத்து மீற்றரில் ஒரு மீற்றர் இறக்கம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று போனால், உச்சியிலிருந்து ஒன்று, மூன்று, ஆறு, பத்து என இறக்கம் வளரும். இந்த எண்களைப் புள்ளிகளாகக் குறித்து இணைப்பவர் தம் கண்முன் உருண்டு திரண்ட குன்றொன்றின் உச்சியைக் காண்பார்.

கீழ்ப்பகுதியில் நிலைமை மாறுகிறது. அங்கே மண்ணை எடுத்துச் செல்வது பெரும்பாலும் ஓடும் நீர். நீர் கீழே போகப் போகத் திரண்டு வலுப்பெறுவதால், முன்னிலுங் குறைந்த சரிவிலேயே தன் சுமையை அதனாற் கொண்டுபோக முடிகிறது. எனவே சரிவு மெல்ல மெல்லத் தணிந்து குழிவாகிறது. நீரின் வேகம் தணியும் இடத்தில் அது சுமந்துவந்த மண்ணும் தங்கிவிடுகிறது. செங்குத்தான பாறையிலிருந்து உருண்டு விழுந்த கற்களும், பழைய சரிவுகளின் சிதைவுகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாறு மடிகளில் மண்ணுங் கல்லுங் கலந்த படிவு திரள்கிறது.

தோட்டக் குடியிருப்புக்களின் வரலாறு இவ்விடத்தில் வந்து சேர்கிறது. 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், மலைநாட்டின் சரிவுகள் தேயிலைக்கு மாறின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்க்கு லயன்கள் கட்டப்பட்டன. நீளமான கட்டிடமொன்றை அமைக்க ஓரளவு தட்டையான நிலம் வேண்டும். குடிப்பதற்குங் குளிப்பதற்கும் அருகில் நீர் வேண்டும். மலைச்சரிவில் இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் பெரும்பாலும் படிவு மண் நிறைந்த மடியே. மண் மெத்தென்றிருக்கும், ஊற்றுக்கண் அருகிலிருக்கும், காற்றும் கடுமையாக அடிப்பதில்லை. கண்ணுக்கு இனிய இடமாகவும் அது தோன்றும். ஆனால் மேலே உள்ள பரந்த சரிவின் நீர் முழுவதும் அடைக்கலம் புகும் இடமும் அதுவே.

நீர் திரண்டால் மண் ஏன் சரிய வேண்டும்? மண்மணிகள் ஒன்றன் மேலொன்று அழுந்தி உராய்ந்து நிற்பதனாலேயே சரிவு நிலைத்திருக்கிறது. மண்ணிடையே உள்ள வெளிகளை நீர் நிரப்பியதும், அந்த நீரின் அழுத்தம் மேலுள்ள பாரத்தின் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. அவற்றின் பிடி தளர்கிறது. அதே வேளையில் நீரினால் மண்ணின் பாரமும் கூடுகிறது. பிடி குறைந்து பாரம் மிகுந்த மண், ஒரு கட்டத்தில், மலையை விட்டுப் பிரிகிறது. மணிக்கணக்கில் அன்று, சில வேளைகளில் நிமிட நேரத்திலேயே அது பாய்ந்து வந்துவிடும்.

2014ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 29ஆம் நாட் காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் இதுவே நிகழ்ந்தது. செங்குத்தான மலைத்தொடரின் கீழே திரண்டிருந்த படிவு மண், தொடர்ந்து பெய்த மழையில் ஊறிப் பெயர்ந்து, லயன்களின் மீது பாய்ந்து அவற்றை மூடியது. பலர் மண்ணோடு புதையுண்டனர். அவர்களுள் அனைவருடைய உடல்களும் மீட்கப்படவில்லை. அன்று காலை பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறே இருந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையிலும் பதுளை, கண்டி, நுவரெலியா முதலிய மாவட்டங்களின் சரிவுகள் பல இடங்களிற் பெயர்ந்து பேரழிவை விளைத்தன.

மீரியபெத்தையின் ஆபத்து அறியப்படாததன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. 1984ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம், 1990ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ், பதுளை மாவட்டத்துக்கும் நுவரெலியா மாவட்டத்துக்குமே முதன்முதலாக மண்சரிவு ஆபத்துப் படங்களை வரைய முற்பட்டது. அப்படங்களுக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டவை ஆறு: அடிப்பாறையின் அமைப்பு, நீரோட்டம், பாறை மீது கிடக்கும் மண்ணின் தன்மை, சரிவின் அளவு, நிலம் பயன்படுத்தப்படும் முறை, நிலத்தின் வடிவம். இறுதியிற் கூறிய நிலவடிவத்தில் அடங்குவதே குவிவும் குழிவும்.

படத்தின் அளவும் இங்கே முக்கியமானது. சாதாரணப் படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். கோடு தாழ்நிலத்தை நோக்கிப் புடைத்திருந்தால் அங்கே மலையின் மூக்கு உண்டு. கோடு உச்சியை நோக்கி மடிந்திருந்தால் அங்கே மடி உண்டு. 30 பாகை சாய்ந்த சரிவில் 5 மீற்றர் ஆழமான மடி ஒன்று இருந்தால், அவ்விடத்தில் சமவுயரக் கோடு ஏறக்குறைய 8.7 மீற்றர் உள்ளே தள்ளி நிற்கும். ஐம்பதினாயிரத்தில் ஒன்றாகச் சிறிதாக்கப்பட்ட படத்தில் அத்தூரம் 0.17 மில்லிமீற்றர், கோட்டின் தடிப்பினுள்ளேயே அது மறைந்துவிடும். பத்தாயிரத்தில் ஒன்றாகிய படத்தில் 0.87 மில்லிமீற்றர், கூர்ந்து நோக்குவார்க்குத் தெரியும். மண்சரிவுப் படங்கள் பெரிய அளவில் வரையப்படுவதன் நியாயம் இதுவே. படத்திற் புலப்படாத மடியும் நிலத்தில் நின்று நோக்குவார்க்குப் புலப்படும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவற்றைக் கொண்டு, குவிந்த இடமெல்லாம் நல்லது, குழிந்த இடமெல்லாம் தீயது என்று முடிவு செய்துவிடுதல் பிழையாகும். குவிந்த சரிவு கீழே போகப் போகச் செங்குத்தாகிறது என்பது மேலே காட்டப்பட்டது. அதன் கீழ்ப்பகுதியை வெட்டி வீட்டுக்குத் தளம் அமைப்பவர், ஏற்கெனவே செங்குத்தாக உள்ள சரிவை மேலும் செங்குத்தாக்குகிறார். மேலுள்ள மண்ணைத் தாங்கி நின்ற அடிமண் நீங்கிவிடுகிறது. வீட்டின் பின்புறத்தில் உயர்ந்து நிற்கும் அவ்வெட்டு, மழைக்காலத்தில் இடிந்து விழுதல் அரிதன்று. உருண்ட மூக்கின் அகன்ற முதுகும் அதன் வெட்டிய விளிம்பும் ஒன்றல்ல.

மனிதர் வெட்டும் வடிகான்களும் மலையின் வளைவை மாற்றவல்லவை. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டி, மிகச் சிறிய சாய்வோடு வெட்டப்படும் கான், மேல்நிலத்தின் நீரை மடிக்குள் இறங்கவிடாமல் தடுத்து அப்பாற் கொண்டு செல்கிறது. நன்கு பேணப்படுமாயின் அது, குழிந்த சரிவைக் குவிந்த சரிவு போல ஒழுகச் செய்யும். தூர்ந்து போகுமாயின், கரை உடையும் இடத்தில் நீர் முழுவதும் ஒருங்கே பாய்ந்து, கான் இல்லாதிருந்தாலும் நேராத கேட்டை விளைக்கும். தேயிலைத் தோட்டங்களில் முற்காலத்தில் புல் முழுவதையுஞ் சுரண்டி நிலத்தை வெறுமையாக்கும் வழக்கம் இருந்தது. அதனால் மேன்மண் பெருமளவு கரைந்தோடிற்று. 1951ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட மண் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இழப்பைத் தடுக்க எழுந்ததாகும். ஆயினும் கானைத் துப்புரவாக வைத்திருப்பது சட்டம் அன்று. மண்வெட்டி பிடித்த கைகளும் அவற்றுக்குக் கொடுக்கப்படும் கூலியுமே.

மழையின் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்து மழை தொடருமாயின் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்றும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும் என்றும், 150 மில்லிமீற்றரைக் கடந்தால் அகன்று செல்லுதல் வேண்டும் என்றும் அம்முறை கூறுகிறது. இவ்வளவுகள் எல்லாச் சரிவுகளுக்கும் பொதுவானவை. மேற்காட்டிய கணக்கை நினைவிற் கொள்வோர், மடியிற் குடியிருப்பவருக்கு முதலாவது எச்சரிக்கையே பெரிது என்பதை உணர்வர். நிலத்தில் புதிய வெடிப்பு, முன்னில்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், மரமும் கம்பமும் சாய்தல், கதவு நிலையில் இறுகுதல் ஆகியன எந்தக் கருவியுமின்றி எவருங் காணக்கூடிய அறிகுறிகள்.

எச்சரிக்கை பெறுவது ஒன்று. அகன்று செல்ல இடம் பெறுவது மற்றொன்று. லயனிற் பிறந்து லயனில் வளர்ந்த தொழிலாளி தன் மனையின் இடத்தைத் தான் தேர்ந்தெடுக்கவில்லை. காலங்காலமாக அவனுக்குச் சொந்தமென ஒரு துண்டுக் காணியும் இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர், குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சுக் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டங்கள் தோட்டப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தன. ஏழு பேர்ச்சு என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். மலையின் அளவோடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளியே. ஆனால் ஒயிலர் காட்டியவாறு, ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்கென வளைவு உண்டு. அப்புள்ளி புடைத்த முதுகில் அமைகிறதா, நீர் கூடும் மடியில் அமைகிறதா, வெட்டிய விளிம்பின் அடியில் அமைகிறதா என்பதைப் பொறுத்து, அங்கே வாழப்போகும் தலைமுறைகளின் உறக்கம் அமையும்.

காணியை அளந்து கொடுப்பவர் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளப்பது வழக்கம். மலைநாட்டிலே மூன்றாவதாக ஓர் அளவு தேவைப்படுகிறது. அது அந்நிலம் எப்பக்கம் வளைகிறது என்னும் அளவு. அதற்குப் பெருங்கருவிகள் முதலில் வேண்டியதில்லை. மழை நாளொன்றில் அவ்விடத்தில் நின்று, நீர் தன்னை நோக்கி வருகிறதா, தன்னை விட்டு விலகுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால், பாதிப் பாடம் கற்றவராவர். மீதியைத் தோட்டத்தின் முதியோர் அறிவர். எந்த மடியில் எந்த ஆண்டு ஊற்றுப் பெருகியது, எந்த லயனின் சுவர் எப்போது வெடித்தது என்பவற்றை அவர்கள் சொல்லக்கூடும். காணியைக் குறிக்கும் நாளில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வது எளிதான செயல்.

பசறை வீதியின் ஒவ்வொரு மடியிலும் மதகு வைத்தவர்கள், நீருக்கு உரிய வழியை நீருக்கே விட்டு, வீதியைக் காத்தார்கள். வீதிக்குக் காட்டப்பட்ட அந்தக் கவனம் வீட்டுக்கும் காட்டப்படுமாயின், அடுத்த பருவமழை வரும்போது ஊவாவின் மலைகள் நீரைத் தம் வழியே இறக்கிவிடும். மனிதர் தம் மனையிலே இருப்பர்.